நிரலெழுத்துருக்களில் கூட்டெழுத்து: மேல்சித்தாமூர்ச் சுவடி மரபின் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கணினி நிரல்களை எழுதவும் படிக்கவும் பயன்படும் எழுத்துருக்கள் சில, அடுத்தடுத்து வரும் குறிகளை ஒரே வடிவாக இணைத்துக் காட்டுகின்றன. இவ்வழக்கத்தின் நன்மை தீமைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துச் சூழலை வைத்தே பேசப்படுகின்றன. கூட்டெழுத்தைப் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டுவரும் தமிழ், கிரந்த எழுத்து மரபு இச்சிக்கலைத் தெளிவாக்க உதவும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. செஞ்சிப் பகுதியின் மேல்சித்தாமூரைச் சார்ந்த சமணச் சுவடி மரபு, 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம், ஒருங்குறியில் ‘ஸ்ரீ’ பெற்றுள்ள இரட்டைக் குறியேற்றம் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கூட்டெழுத்தின் உறுப்புகளை ஐயமின்றி மீட்க முடிகிறதா என்பதே அதனை ஏற்பதற்கும் விலக்குவதற்கும் உரிய அளவுகோல் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கூட்டெழுத்து, எழுத்துரு, நிரல், கிரந்தம், மணிப்பிரவாளம், ஒருங்குறி, மேல்சித்தாமூர்

1. முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியை அடுத்துள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் அமைந்த ஊர். பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட பழைய கோயிலும் இங்கு உள்ளன. மடத்தில் ஓலைச்சுவடிகளும் பேணப்பட்டு வருகின்றன. இத்தகைய சுவடிகளை இன்று பட்டியலிடுவோரும் பெயர்த்தெழுதுவோரும் கணினியையே நாடுகின்றனர். பெயர்களை அகரவரிசைப்படுத்தவும், ஒரே நூலின் பல படிகளை ஒப்பிடவும், சொற்களைத் தேடவும் சிறு சிறு நிரல்களைத் தாமே எழுதிக்கொள்ளும் ஆய்வு மாணவர் பெருகி வருகின்றனர். இக்கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர்.

அவ்வாறு எழுதுவோரின் திரையில் இருவகைக் கூட்டெழுத்துகள் ஒருங்கே தோன்றுகின்றன. நிரலின் கட்டளைப் பகுதியில் ‘!=’ என்னும் இரு குறிகள் ‘≠’ போன்ற ஒரே வடிவாகத் தோன்றக்கூடும். மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் நூற்பெயரில் ‘ஸ்ரீ’ என்பதும் ஒரே வடிவாகத் தோன்றுகிறது. பார்வைக்கு இவை ஒரே வகையான நிகழ்வுகள். ஆயின் முன்னது பெரும்பாலும் தீங்கற்றது. பின்னது ஒரு நூலையே தேடலிலிருந்து மறைத்துவிடக்கூடியது. இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தோற்றமும் சேமிப்பும்

கணினியில் எழுத்து இரு நிலைகளில் உள்ளது. ஒன்று, கோப்பில் சேமிக்கப்படும் எண். மற்றொன்று, அவ்வெண்ணுக்காகத் திரையில் வரையப்படும் வரிவடிவம். முன்னதை வரையறுப்பது குறியேற்றம். பின்னதைத் தருவது எழுத்துரு. இக்காலத்து ஓப்பன்டைப் எழுத்துருக்களின் உள்ளே, ‘இன்ன குறிகள் இன்ன வரிசையில் வந்தால் இன்ன வடிவத்தை வரைக’ என்னும் உருமாற்ற விதிகள் அட்டவணையாக வைக்கப்பட்டுள்ளன. இலத்தீன் எழுத்துகளை அச்சிடுவோர் நெடுங்காலமாகக் கையாண்ட இணைவடிவங்களும், தமிழின் ‘க்ஷ’வும், நிரலெழுத்துருவின் அம்புக்குறியும் இவ்விதிகளாலேயே உருவாகின்றன.

எனவே ‘க்ஷ’ என்பது ஒருங்குறியில் தனியெழுத்து அன்று. ககரம், புள்ளி, ஷகரம் என மூன்று குறிகள் சேமிக்கப்படுகின்றன. எழுத்துரு அவற்றை ஒன்றாக வரைகிறது. ‘ஸ்ரீ’யில் நான்கு குறிகள் உள்ளன. தமிழில் தட்டச்சு செய்வோர் இவ்விரட்டை நிலையை அன்றாடம் காண்கின்றனர். ‘கொ’ என்று தட்டியபின் ஒருமுறை அழித்தால், முழு எழுத்தும் போகாமல் ‘க’ எஞ்சுவது இதனாலேயே. அவ்வகையில் தமிழ்ப் பயனருக்குக் கூட்டெழுத்து புதிய அனுபவம் அன்று.

3. சுவடியில் இருவேறு நெறிகள்

தமிழ்ச் சமண மரபு மணிப்பிரவாள நடையை விரிவாகக் கையாண்டது. தீர்த்தங்கரர் உள்ளிட்ட 63 மகாபுருடர் வரலாறுகளைக் கூறும் ஸ்ரீபுராணம் அந்நடையில் அமைந்த உரைநடை நூல். இத்தகைய நூல்களின் ஏடுகளில் தமிழ்ச் சொற்கள் தமிழெழுத்திலும் வடசொற்கள் கிரந்த எழுத்திலும் கலந்து எழுதப்படுவது வழக்கம். இரு எழுத்துமுறைகளும் மெய்ம்மயக்கத்தை எதிரெதிர் முறைகளில் கையாளுகின்றன.

மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுதல் வேண்டும் என்பது தொல்காப்பிய நூன்மரபின் விதி. தமிழில் இரு மெய்கள் அடுத்து வரினும் அவை தனித்தனியே நிற்கும்; முன்னதன் உயிரின்மையைப் புள்ளி காட்டும். கிரந்தத்தில் அவ்வாறன்று. முதல் மெய்யின் கீழோ பக்கத்திலோ அடுத்த மெய் இணைந்து புதுவடிவம் தோன்றும். அவ்விணைப்பே முதல் மெய்க்கு உயிரில்லை என்பதற்கு அடையாளம்.

பிரித்தெழுதும் தமிழ்முறையே தெளிவானது என்று இங்கு முடிவு கட்டிவிட இயலாது. ஓலையில் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே கொம்பால் குறிக்கப்பட்டன. இவற்றை வேறுபடுத்தும் வடிவங்கள் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் புகுத்தப்பட்டவை என்பது மரபான செய்தி. ஆகவே ஓர் ஏட்டில் ‘கர’ என்று காண்பது கர, கர், கா முதலியவற்றுள் எது என்பதைப் படிப்பவரே சூழல் கொண்டு தீர்மானிக்க வேண்டும். இதற்கு மாறாக, அதே ஏட்டின் கிரந்தக் கூட்டெழுத்து எவ்வளவு சிக்கலாகத் தோன்றினும், கிரந்தம் கற்றவருக்கு அதன் உறுப்புகள் ஐயமின்றிப் புலப்படும்.

இதிலிருந்து பெறத்தக்க கருத்து ஒன்று உண்டு. சேர்த்தெழுதுதல் மயக்கத்தையும் பிரித்தெழுதுதல் தெளிவையும் தாமாகவே தருவதில்லை. வடிவத்திலிருந்து உறுப்புகளுக்குத் திரும்பும் வழி ஒன்றே ஒன்றாக இருப்பின் தெளிவு உண்டு. ஒன்றுக்கு மேற்பட்டதாயின் மயக்கம் உண்டு. அவ்வழியைப் படிப்பவர் கற்றிருத்தலும் வேண்டும்.

4. அச்சும் எழுத்துச் சீர்திருத்தமும்

தமிழெழுத்திலும் இணைவடிவங்கள் இருந்தன. ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் காலும் ஐகாரக் கொம்பும் மெய்யுடன் ஒட்டிய தனி வடிவங்களைப் பெற்றிருந்தன. தந்தை பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் இவற்றைப் பிற எழுத்துகளைப் போன்றே பிரித்து அச்சிட்டார். 1978ஆம் ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். தலைமையிலான தமிழக அரசு அதனை ஆணையாக்கியது. கற்போரின் சுமையும் அச்சு, தட்டச்சுப் பொறிகளின் சுமையும் குறைந்தன. அதன் மறுபக்கமாக, பின்னர்ப் பள்ளி சென்ற தலைமுறையினர் பழைய நூல்களின் ‘லை’, ‘னை’ வடிவங்களைக் கண்டால் சற்று நின்று படிக்கும் நிலை உருவாயிற்று.

ஒருங்குறி முறையில் இச்சிக்கலுக்கு எளிய தீர்வு உண்டு. ‘லை’ என்பது லகரமும் ஐகாரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. பழைய இணைவடிவத்தைக் காட்டும் விதியை எழுத்துருவில் வைத்தால் அதே கோப்பு பழைய தோற்றத்தில் தெரியும். விதியை நீக்கினால் சீர்திருத்தத் தோற்றத்தில் தெரியும். கோப்பில் ஓர் எண்ணும் மாறாது.

இத்தகைய பிரிப்பு எப்போதும் இருந்ததன்று. ஒருங்குறிக்கு முந்திய தமிழ் எழுத்துருக்கள் வரிவடிவத்தையே சேமிப்பாகக் கொண்டிருந்தன. நிறுவனத்துக்கொரு குறியேற்றம் வழங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம்’99 மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. இணையத் தமிழரிடையே திஸ்கி வழங்கியது. இவற்றிலும் ‘கொ’ என்பது கண்ணால் காணும் வரிசையில், கொம்பு, ககரம், கால் என்றே அமைந்தது. எழுத்துருவை மாற்றினால் உரையே பொருளற்ற குறிகளாகிவிடும். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. தோற்றத்தைச் சேமிப்பாக்கியதன் விளைவை, பழைய கோப்புகளை மாற்றித் தர முயன்றோர் அனைவரும் அறிவர்.

5. நிரலெழுத்துருக்களின் இயல்பு

நிரல்மொழிகளில் இணைக்குறிகள் தோன்றியதற்கும் பொறியின் வறுமையே காரணம். அல்கால் 60 மொழியின் வரையறையில் ≠, ≤ முதலிய கணிதக் குறிகள் இடம்பெற்றன. ஆனால் அக்காலப் பொறிகளில் அவற்றுக்குரிய விசைகள் இல்லை. 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி முறையில் மொத்தம் 128 இடங்களே இருந்தன. ஆகவே ‘!=’, ‘>=’, ‘->’ எனக் கிடைத்த குறிகளை அடுக்கிப் பொருள் உணர்த்தினர். நிரலாளர் அவற்றை இரண்டாக எழுதினாலும் மனத்தில் ஒன்றாகவே படிக்கின்றனர்.

அம்மனவடிவத்தைத் திரைக்குக் கொண்டுவருவனவே நிரல் கூட்டெழுத்துகள். ஹாஸ்கெல் மொழியை முன்னிட்டு எழுந்த ஹாஸ்க்லிக், மொசில்லாவின் ஃபிரா மோனோவை அடிப்படையாகக் கொண்டு நிகிதா புரோகோபோவ் உருவாக்கிய ஃபிரா கோடு, மைக்ரோசாப்ட் 2019இல் வெளியிட்ட கேஸ்கேடியா கோடு, 2020இல் வந்த ஜெட்பிரெயின்ஸ் மோனோ ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. நிரலில் ஒவ்வொரு குறியும் ஒரே அகலத்தில் இருத்தல் வேண்டும். இல்லையேல் பத்திகள் நேர்ப்படா. அதனால் இரு குறிகள் இணைந்த வடிவமும் இரு குறிகளின் அகலத்திலேயே வரையப்படுகிறது. கோப்பில் ‘!’, ‘=’ என்னும் இரண்டும் அப்படியே இருக்கும். நிரலை இயக்கும் மொழிபெயர்ப்பி எழுத்துருவைக் காண்பதே இல்லை.

ஆகவே சேமிப்பு நிலையில் இவ்வெழுத்துருக்களால் கேடில்லை. இடர்ப்பாடு படிப்பவரின் நிலையில் உள்ளது. அதனை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, ஒத்த தோற்றம். ‘≠’ என்பது ஒருங்குறியில் தனிக்குறியாகவும் உள்ளது. அச்சிட்ட பாடநூலில் இணைவடிவத்தைக் காணும் மாணவர் அதனைத் தனிக்குறியெனக் கருதித் தட்டினால் பெரும்பாலான மொழிகள் ஏற்கா. எந்த விசைகளைத் தட்ட வேண்டும் என்பதை அப்பக்கம் அவருக்குக் கூறுவதில்லை.

இரண்டாவது, சூழல் அறியாமை. ஹாஸ்கெலில் ‘/=’ என்பது சமமின்மை. பைத்தானில் அதே இரு குறிகள், ஒரு மாறியை வகுத்து விடையை அதே மாறியில் வைக்கும் கட்டளை. ஹாஸ்கெலுக்காக அதனை ‘≠’ என வரையும் எழுத்துருவில் பைத்தான் நிரலைத் திறந்தால், வகுத்தல் கட்டளை சமமின்மையாகத் தோன்றும். எழுத்துரு குறிகளின் வரிசையை மட்டும் காண்கிறது. மொழியையும் பொருளையும் காண்பதில்லை. மேற்கோளுக்குள் இருக்கும் வெறும் உரையையும் கட்டளையையும் அதனால் வேறுபடுத்த இயலாது.

மூன்றாவது, திருத்தும்போது எழும் தடுமாற்றம். ஒன்றாகத் தோன்றும் வடிவத்தின் நடுவில் சுட்டி நிற்கிறது. ஒருமுறை அழித்தால் பாதி போகிறது. ‘கொ’வை அழித்துப் பழகிய தமிழ்ப் பயனருக்கு இது வியப்பன்று; தொடக்க நிலை மாணவருக்குக் குழப்பமே.

நன்மையும் உண்டு. நீண்ட நிரலைப் படிக்கையில் அம்பும் சமமின்மையும் ஒரே பார்வையில் புலப்படுகின்றன. ‘=’, ‘==’, ‘===’ ஆகியவற்றை நீளத்தால் வேறுபடுத்தி அறிய எளிதாகிறது. வேண்டாதபோது இவ்வசதியை அணைத்துவிடலாம். விசுவல் ஸ்டூடியோ கோடு என்னும் கருவியில் அது இயல்பாகவே அணைந்த நிலையில் தரப்படுகிறது.

6. ஸ்ரீபுராணத்தைத் தேடுதல்

நிரல் கூட்டெழுத்தின் இடர்ப்பாடு கண்ணோடு நிற்கிறது. தமிழ்க் கூட்டெழுத்தின் இடர்ப்பாடு சில இடங்களில் தரவுக்குள்ளும் இறங்குகிறது. ‘ஸ்ரீ’ அதற்குத் தெளிவான சான்று.

இச்சொல்லின் முதல் மெய் ஸகரம் அன்று, தாலவிய ஶகரம். கிரந்தத்தில் ஶ, ஷ, ஸ மூன்றும் வெவ்வேறு எழுத்துகள் ஆதலால், கிரந்த ஏட்டைப் படிப்பவருக்கு இதில் ஐயமில்லை. தற்காலத் தமிழ் எழுத்து வழக்கில் ஶகரம் பெரும்பாலும் மறைந்தது. கூட்டெழுத்து மட்டும் எஞ்சியது. ஒருங்குறியின் தமிழ்த் தொகுதியிலும் தொடக்கத்தில் ஶகரம் இல்லை. ஆகையால் ஸகரத்தைக் கொண்டே இக்கூட்டெழுத்தைக் குறியேற்றினர். 2005இல் ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில் ஶகரம் சேர்க்கப்பட்டபின், அதனைக் கொண்டு எழுதுவதே உரிய முறை என அறிவிக்கப்பட்டது. அதற்குள் பழைய முறையில் எண்ணற்ற உரைகள் உருவாகிவிட்டன. இன்று இரண்டும் வழக்கில் உள்ளன. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுமாறு ஒருங்குறி அமைப்பு அறிவுறுத்துகிறது. ஆயினும் அதன் இயல்பாக்க விதிகள் இரண்டையும் ஒன்றாக்குவதில்லை.

இதன் விளைவை எவரும் சோதித்துக் காணலாம். ‘ஸ்ரீபுராணம்’ என்பதை ஸகரம் கொண்டு ஒருமுறையும், ‘ஶ்ரீபுராணம்’ என ஶகரம் கொண்டு ஒருமுறையும் எழுதிப் பைத்தானில் ஒப்பிட்டால் ‘பொய்’ என்னும் விடையே வரும். இரண்டிலும் உள்ள குறிகள் 11. முதற்குறி மட்டும் வேறு. கூட்டெழுத்தை இணைத்துக் காட்டும் எழுத்துருவில் இரண்டும் ஒன்றே போல் தெரியும். எனவே, ஒரு மாணவர் பட்டியலில் ஒருமுறையில் எழுதிய நூற்பெயரை, இன்னொருவர் மறுமுறையில் எழுதித் தேடினால் ‘இல்லை’ என்றே நிரல் கூறும். பட்டியலில் நூல் உண்டு. கண்ணெதிரே பெயரும் உண்டு. தேடுபவருக்கு மட்டும் அது கிடைக்காது. அரிதாகவே படி கிடைக்கும் சுவடி ஒன்றின் பதிவு இவ்வாறு மறையுமாயின், அந்நூலுக்குப் படியே இல்லை என்னும் தவறான முடிவுக்கு ஆய்வு சென்றுவிடும்.

இத்தகைய பிற இடங்களும் உள்ளன. ‘கொ’வை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம், கொம்பு, கால் என இரு குறிகளாலும் எழுதலாம். இயல்பாக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். ‘கௌ’ என்பதைக் ‘கெள’ எனக் கொம்பும் ளகரமும் கொண்டு எழுதுவதும், ‘ஔ’ என்பதை ‘ஒள’ என எழுதுவதும் பிழைகள்; தோற்றம் ஒத்திருப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை. இயல்பாக்கம் இவற்றைத் திருத்தாது. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை மாறிகளாக ஏற்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் உள்ளன. ஆகவே இம்மயக்கம் உரையோடு நில்லாது நிரலின் மாறிப்பெயர்களுக்கும் வரும். ஒன்றுபோல் தெரியும் இரு பெயர்களை இரு வேறு மாறிகளாகப் பொறி கொள்ளும்.

7. அளவுகோலும் நடைமுறையும்

மேற்கண்ட சான்றுகளை ஒப்புநோக்கின், எந்தக் கூட்டெழுத்தையும் மூன்று வினாக்களால் மதிப்பிடலாம். வடிவத்திலிருந்து உறுப்புகளுக்குத் திரும்பும் வழி ஒன்றுதானா? பொருள் மாறும் சூழலிலும் அவ்வடிவம் தவறாகத் தோன்றுகிறதா? படிப்பவர் விரும்பினால் பிரித்துக் காண முடியுமா?

கிரந்தக் கூட்டெழுத்து முதல் வினாவில் தேறுகிறது; ஓலையைப் பிரித்துக் காட்ட இயலாமையால் மூன்றாவதில் தேறுவதில்லை. பழைய ‘லை’ முதலியன ஒருங்குறியில் மூன்றிலும் தேறுகின்றன. நிரல் கூட்டெழுத்து முதலாவதில் பெரும்பாலும் தேறுகிறது, இரண்டாவதில் தடுமாறுகிறது, மூன்றாவதில் முற்றும் தேறுகிறது. ‘ஸ்ரீ’ முதல் வினாவிலேயே தவறுகிறது.

இதன் அடிப்படையில், சுவடிப் பணிக்கு நிரல் எழுதுவோர்க்குப் பின்வரும் நடைமுறைகளைப் பரிந்துரைக்கலாம்.

அ. தனியே நிரலைப் படிக்கும்போது கூட்டெழுத்தைப் பயன்படுத்தலாம். பிழை தேடும்போதும், பிறருக்குக் கற்பிக்கும்போதும், நிரலை அச்சில் வெளியிடும்போதும் அணைத்துவிடுதல் நலம்.

ஆ. நூற்பெயர்களை ஒப்பிடுமுன் ஒருங்குறி இயல்பாக்கம் செய்தல் வேண்டும். ‘ஸ்ரீ’யின் இரு குறியேற்றங்களையும் ஒன்றாக்கும் விதியைத் தனியே எழுதிச் சேர்த்தல் வேண்டும்.

இ. கொம்பும் ளகரமும் அடுத்து வரும் இடங்களைத் தானாக மாற்றுதல் கூடாது. ‘வெள்ளி’ போன்ற சொற்களில் அவ்வரிசை முறையானதே. அவ்விடங்களைப் பட்டியலிட்டுப் படிப்பவர் முடிவுக்கு விடுவதே தக்கது.

ஈ. கிரந்தப் பகுதிகளைத் தமிழெழுத்தால் ஒப்பேற்றாமல், 2014இல் ஒருங்குறியின் 7.0ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட கிரந்தத் தொகுதியைக் கொண்டு சேமித்தல் வேண்டும். கிரந்தம் அறியாத வாசகருக்குரிய தமிழ் வடிவத்தை அதனருகே தனிப் புலமாகத் தரலாம்.

8. முடிவுரை

நிரலெழுத்துருவின் கூட்டெழுத்து, வடிவத்தை மட்டும் மாற்றி உறுப்புகளைக் காக்கிறது. அதனால் அது படிப்பவரின் விருப்பத்துக்கு விடத்தக்க ஒரு வசதி. வேண்டியபோது விலக்கிக்கொள்ளவும் இயலும். ‘ஸ்ரீ’யின் வரலாறோ வேறுவகைப்பட்டது. உறுப்பாகிய ஶகரம் தமிழ் வழக்கிலிருந்து மறைந்தபின்னும் வடிவம் நிலைத்தது; மறந்துபோன உறுப்பின் இடத்தில் இன்னோர் எழுத்து அமர்ந்தது; அது குறியேற்றத்திலும் பதிந்துவிட்டது.

மேல்சித்தாமூர் போன்ற இடங்களில் பேணப்படும் ஏடுகளை எழுதியோர்க்கு அவ்வுறுப்பு தெரிந்திருந்தது. அவற்றை இன்று கணினிக்குக் கொண்டுவரும் ஆய்வாளர், தாம் தட்டும் ஒவ்வொரு கூட்டெழுத்தின் அடியிலும் எந்த எண்கள் சேமிக்கப்படுகின்றன என்பதை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுதல் கடமையாகும். சில வரி நிரலால் முடியும் அச்சோதனையைப் பட்டியல் பணியின் தொடக்கத்திலேயே செய்துவிட்டால், பின்னர் ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திருத்தும் நிலை நேராது.